ஏழு அழுத்தலும் ஒரு மூல நிரலும்

4 மார்ச்

தம்பிக்கு,

உன் குரலை இனிமேல் இந்த வீட்டில் கேட்க மாட்டேன் என்று ஜனவரியில் சொன்னேன். சொன்ன சொல்லில்தான் நிற்கிறேன். கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அடிப்பது நீதான் என்று தெரிந்தால் மேலே ஒரு தலையணையைப் போட்டு மூடுவேன்.

விஷயம் இதுதான். அம்மாவின் பந்து வேலை செய்யவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவள் வாயையும், இடது கையில் இரண்டு விரலைத் தவிர உடம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டபோது, பத்து நாள் லீவில் வந்து நீ செய்து வைத்துவிட்டுப் போனாயே, அந்த ரப்பர் பந்து. திரையில் எழுத்து ஓடும். வேண்டிய எழுத்து வந்ததும் அமுக்குவாள், 'டிக்' என்று அது விழும். கம்ப்யூட்டர் சேர்த்துப் படித்துச் சொல்லும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்கு அந்தப் பந்துதான் வாயாக இருந்தது. ஏழு வாரமாக அதுவும் இல்லை.

ஜனவரியில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. எப்படி என்று கேட்காதே. கடைக்காரர் வந்து உள்ளே இருந்த டிஸ்க்கை மாற்றி, "அதே லினக்ஸ்தான் மேடம், புத்தம் புதுசு"ன்னு போட்டுக் கொடுத்தார். படம் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, எழுத்து ஓடுகிற உன் திரையும் பழைய சிடியிலிருந்து ஏறிவிட்டது. பந்தை மட்டும் அதற்குத் தெரியவில்லை. கேட்டால், "இது எந்த லிஸ்ட்லயும் இல்ல மேடம். எவன் செஞ்சானோ அவனையே கேளுங்க" என்கிறார். எவன் செய்தானோ அவனைக் கேட்கிறேன்.

அவசரம் ஏன் என்றால், அம்மாவுக்கு விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு வாயும் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறுகிறது. வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைக்க வேண்டும், அதற்கப்புறம் வாய் வழியாக ஒன்றும் கிடையாது என்கிறார் டாக்டர். ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துக் கேட்கிறார். அவளைக் கேட்காமல் அவள் வயிற்றில் துளை போட எனக்கு மனசில்லை.

என் விரலை அவள் கையில் கொடுத்துக் கேட்டேன். "ஆமான்னா ஒரு தடவ, வேண்டாம்னா ரெண்டு தடவ அமுக்கும்மா." ஏழு தடவை அமுக்கினாள். மறுநாள் கேட்டேன், அப்போதும் ஏழு. ஏழுக்கு நான் எங்கே போய் அர்த்தம் தேடுவேன்? ஆமாம், வேண்டாம் இரண்டிலும் அடங்காத ஏதோ ஒன்று அவளிடம் இருக்கிறது. அது மட்டும் தெரிகிறது.

எழுத்துகளை நானே ஒவ்வொன்றாகச் சொல்லி, எதில் அமுக்குகிறாள் பார்ப்போம் என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பந்துதான் வேண்டுமாம்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


11 மார்ச்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம். இன்னும் 'ழ'வுக்கு வால் நீளமாகத்தான் போடுகிறாய்.

மற்றது எதுவும் எழுத வேண்டாம் என்றதால் வேலையை மட்டும் எழுதுகிறேன்.

லினக்ஸின் நடுவில் கெர்னல் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரோடு சேர்த்த பொருள்களையும் நீ திறக்கிற நிரல்களையும் பேச வைப்பது அதுதான். அம்மா உட்கார்ந்திருந்த எக்ஸ்சேஞ்ச் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள். விசைப்பலகை, திரை, ஸ்பீக்கர் மாதிரி எல்லாரும் வாங்குகிற பொருள்களுக்கு அதில் இடம் உண்டு. பந்தின் காற்றை அளக்கிற அட்டை நான் கம்பெனியில் என் கையால் செய்தது. உலகத்தில் அது ஒன்றுதான். அதற்கு ஒரு சின்னத் துண்டு நிரல் நான் எழுதியிருக்கிறேன். அதைக் கெர்னலோடு தைக்க வேண்டும். பழைய டிஸ்க்கோடு நான் தைத்தது போய்விட்டது.

நீ தையல்காரி, உனக்கு ஒரு வரியில் புரியும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தைத்து முடித்த சட்டை. அதன் மூல நிரல், வெட்டுவதற்கு முன் போட்ட காகித அளவு. என் துண்டு ஒரு பாக்கெட். சட்டையைத் தூரத்தில் பார்த்துப் பாக்கெட் தைக்க முடியாது. அந்தச் சட்டைக்குப் போட்ட அதே காகிதம் வேண்டும். அதே அளவில் வேறு சட்டையின் காகிதம் உதவாது.

அதனால் முதலில் உன் கெர்னலின் எண்ணைச் சொல். கறுப்புத் திரையைத் திறந்து, நான் தனித்தாளில் எழுதியிருக்கிற முதல் வரியைத் தட்டி என்டர் அமுக்கு. வருவதை அப்படியே எழுதி அனுப்பு.

இன்னொன்று. திட்டாதே. குழாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிடு அக்கா. டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும். அம்மாவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

தம்பி


16 மார்ச்

தம்பிக்கு,

எண்: 6.1.0

நீ எழுதிக் கொடுத்த வரியைத் தட்ட எனக்குக் கால் மணி நேரம். நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும் என்று தெரியாமல் சேர்த்தே தட்டிவிட்டேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. கம்ப்யூட்டர்கூட என்னிடம் வள்ளென்று விழுகிறது.

"அம்மாவும் வேண்டாம்னு சொல்ல மாட்டா" என்று எழுதியிருக்கிறாயே, அவள் என்ன சொல்வாள், என்ன சொல்ல மாட்டாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷமாக இரண்டு மணிக்கு ஒரு தரம் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கிற எனக்கே தெரியவில்லை. புரட்டுவது, துடைப்பது, தைப்பது, மறுபடி புரட்டுவது. இடுப்புக்குள் யாரோ கத்தரிக்கோலை மறந்து வைத்துத் தைத்துவிட்ட மாதிரி வலி. நேற்று ஒரு வாடிக்கைக்காரியின் ரவிக்கைக்குக் கை இரண்டையும் இடது பக்கக் கையாகவே வெட்டியிருக்கிறேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றுதானே அம்மா ஜனவரியில் கேட்டாள்? மூன்று மணி நேரம் பந்தை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தாள். "மகன்கிட்ட கொஞ்ச நாள் இருக்கணும்." நான் உடனே உனக்குப் போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அமுக்கினேன். "முடியாதுக்கா, இங்க இடம் இல்ல." அவ்வளவுதான் சொன்னாய். ஏன், என்ன, எப்போது முடியும், ஒரு வார்த்தை கிடையாது. அதை அவள் கேட்டாள். கேட்டுவிட்டாள், தம்பி.

எழுத வேண்டாம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். போகட்டும். காகிதத்தை அனுப்பு.

அக்கா


24 மார்ச்

அக்காவுக்கு,

இத்துடன் ஒரு பென் டிரைவ். பஞ்சில் சுற்றியிருக்கிறேன். 6.1 கெர்னலின் மூல நிரல் முழுதும் அதில் இருக்கிறது. கெர்னலை எழுதுகிறவர்கள் அதை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு இடைவேளையில் வேலை இடத்து இணைப்பிலிருந்து இறக்கினேன். கூடவே என் துண்டு நிரலும், மூல நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கருவிகளும் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. கடைக்காரர் அந்தக் கருவிகளைப் போட்டிருக்க மாட்டார்.

செய்முறை பதினாலு படி, மூன்று தாளில். ஒவ்வொன்றையும் முடித்ததும் பக்கத்தில் ஒரு டிக் போடு. சுருக்கமாக இதுதான்: சுருட்டிய மூலத்தை அதற்குரிய ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்துப் பிரிப்பது, அதை ஆயத்தப்படுத்துவது, என் துண்டு நிரலைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து மெஷின் மொழிக்கு மாற்றுவது, கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் சேர்ப்பது. ஒன்பதாவது படிக்கு மணிக்கணக்காகும். எழுத்து மளமளவென்று ஓடும், பயப்படாதே. நின்றுவிட்டதே என்று நடுவில் அணைத்துவிடாதே.

இடம் இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது எழுத வரவில்லை.

தம்பி


2 ஏப்ரல்

தம்பிக்கு,

பதினாலு படியில் பதிமூன்றுக்கு டிக் போட்டுவிட்டேன். பதினாலாவது படியில் தலை தட்டிவிட்டது.

அந்த ஒன்பதாவது படி இருக்கிறதே, காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு ஆரம்பித்தேன். நான் ஒரு பக்கம் தைக்க, அது ஒரு பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி வரி வரியாகப் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் கட்டிலைத் திரைப்பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தாள். "என்னம்மா, சீரியல் பாக்கிறியா?"ன்னு கேட்டேன். உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வரியைத் தட்டினேன். ஒரே வரியில் பதில். அகராதி வைத்துப் பார்த்தேன்: இந்தத் துண்டின் வடிவம் செல்லாது என்று வருகிறது. நான் தட்டியதில்தான் பிழை என்று இன்னும் நாலு தரம் தட்டினேன். நாலு தரமும் செல்லாது.

அம்மா பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தாள். திரையில் எழுத்து அது பாட்டுக்கு ஓடியது, ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் கையிலிருந்து பந்தை வாங்கப் போனேன், விடவில்லை. நான் என்ன செய்வேன்? பந்தைப் பிடித்தபடியே தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தவறினால் பார்க்கச் சொல்லி நீ கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருந்த வரியையும் தட்டினேன். புரியாத வரி நூறு வந்தது. அதில் கடைசி வரி மட்டும் பந்து அட்டையின் பெயரோடு இருந்ததால் எழுத்துக்கு எழுத்து வரைந்திருக்கிறேன். துண்டில் இருப்பது 6.1.0 என்றும், இருக்க வேண்டியது 6.1.0-18-amd64 என்றும் அதில் வருகிறது.

அந்த 18 முதலியதை நான் முதல் நாளே பார்த்தேன். எண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. நான்தான் எழுதவில்லை. அது நம் கடைக்காரருடையது என்று நினைத்துவிட்டேன். அவர் பழக்கம் உனக்குத் தெரியாது. கை வைத்த பொருளிலெல்லாம் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி அதன்மேல் ஒரு நம்பர் போடுவார். கம்ப்யூட்டரில் மூன்று, பிளக்கில் ஒன்று. அம்மாவின் சக்கர நாற்காலிக்கு ஒரு திருகு முடுக்கியதற்கு அதிலும் ஒன்று. அம்மா அவருக்கு வைத்த பெயரே 'ஸ்டிக்கர்'தான். அந்த ஆள் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் ஒட்டிவிட்டார்போல என்று நினைத்து, மூளையே இல்லாமல் வெட்டிவிட்டேன்.

அதுதான் தப்பு என்றால் சொல். இந்த மாதம் முப்பது நாள்தான். அதில் இரண்டு போய்விட்டது. எனக்கும் ஓய்ந்து வருகிறது.

அக்கா


8 ஏப்ரல்

அக்காவுக்கு,

அதுதான். ஆனால் தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. வெறும் 6.1.0 என்று நீ எழுதியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கடைக்காரர் போட்டுக் கொடுக்கிற லினக்ஸில் எண் அப்படி மொட்டையாக வராது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். கண் படித்தது, மூளை படிக்கவில்லை.

அந்த வால் ஸ்டிக்கர் இல்லை. உலகத்துக்குப் பொதுவான கெர்னலை எடுத்து, லினக்ஸ் விநியோகிக்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒட்டுப் போட்டு, தையலை இறுக்கித் தருவார்கள். எத்தனையாவது தரம், எந்த வகை மெஷினுக்கு என்பதைத்தான் அந்த வால் சொல்கிறது. நான் அனுப்பியது பொதுக் காகிதம். உன் வீட்டில் இருப்பது அவர்கள் திருத்தித் தைத்த சட்டை. கெர்னல் சேர்ப்பதற்கு முன் வால் வரைக்கும் ஒத்துப்பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அவர்கள் தங்கள் திருத்தத்தோடு தரும் மூலத்தை இந்தப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோடு பாக்கெட் தைக்கத் தேவையான பாகங்கள் தனிப் பொட்டலமாக இருக்கின்றன, நமக்கு அதுவே போதும். போன தரம் மாதிரி நாள் முழுக்க ஓடாது. பொட்டலத்தின் பெயரில் 6.1.0-18-amd64 என்று வால் வரைக்கும் இருக்கிறதா என்று உன் கண்ணால் ஒருமுறை பார். ஒரே வரியில் எல்லாப் பொட்டலத்தையும் சேர்த்து நிறுவு. ஒன்று ஒன்றாகப் போட்டால், இது இல்லாமல் அது வராது என்று முரண்டு பிடிக்கும். போன தரம் போட்டது எதையும் அழிக்க வேண்டாம், கிடக்கட்டும். ஆறே படிதான்.

கடைசிப் படியை விட்டுவிடாதே. கெர்னல் தானாகப் புதுசாக மாறாமல் இருக்க அதில் ஒரு பூட்டு இருக்கிறது. மாறினால் வால் மாறும், வால் மாறினால் அம்மாவின் பந்து மறுபடி ஊமையாகிவிடும். ஸ்டிக்கர் வந்து புதுசாக்குகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடு.

இனி அந்தக் காரணம்.

அந்தக் கம்பெனியில் இப்போது நான் இல்லை. ஒன்றரை வருஷமாகிறது. பாதிப் பேரை அனுப்பினார்கள், அந்தப் பாதியில் நான். இப்போது ஒரு பெரிய கட்டிடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஓடும் கூடத்தில் வேலை. கெர்னலுக்கு நிரல் எழுதிய நான் இப்போது எந்த மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன். இருப்பது நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒரு அறைக்கு மூன்று பேர், அடுக்குக் கட்டில், எனக்கு மேல் தட்டு. அம்மாவை எந்தத் தட்டில் படுக்க வைப்பேன்? அன்றைக்கு நீ போன் செய்தபோது மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இடம் இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் ஸ்பீக்கரில். அதுவும் அம்மாவுக்கு.

சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தம்பி


9 ஏப்ரல்

தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும், வந்தபிறகு எழுதத் தைரியம் இருக்காது.

கம்ப்யூட்டர் எப்படி நின்றது என்று கேட்காதே என்றேனே, அது தானாக நிற்கவில்லை.

அன்று உன்னிடம் கத்திவிட்டு, "இனி உன் குரல இந்த வீட்ல கேக்க மாட்டேன்"ன்னு போனை வைத்தேன். திரும்பினால் அம்மா பந்தை அமுக்க ஆரம்பித்திருந்தாள். திரையில் ஒரு எழுத்து விழுந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மறுபடி உன்னைத்தான் கேட்கப் போகிறாள், நாலு வருஷம் பார்த்த நான் கண்ணுக்குத் தெரியவில்லை, முடியாது என்றவனுக்குத்தான் இன்னும் பரிந்து பேசப் போகிறாள் என்று நினைத்தேன். "போதும்மா!"ன்னு சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு தரம் இல்லை. செருகி, அது எழுந்திருக்கும்போதே மறுபடி பிடுங்கினேன். அதற்கப்புறம் டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்தினேன், தம்பி. எக்ஸ்சேஞ்சில் அவள் ஒரு நாளும் ஒருத்தர் பேச்சை நடுவில் அறுத்ததில்லையாம். "எதிராளி வைக்கற வரைக்கும் லைன எடுக்கக் கூடாது" என்று நமக்குச் சின்ன வயசில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். அவள் லைனை நான் அறுத்தேன்.

அந்த ஏழு தடவை அமுக்கினது, அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதுதானோ என்னவோ. நினைத்தால் உட்கார முடியவில்லை. எழுந்தாலும் இடுப்பு விடுவதில்லை.

அக்கா


14 ஏப்ரல்

அக்கா,

நம் கடிதம் இரண்டும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போயிருக்கின்றன.

பிளக் விஷயத்தைப் படித்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் என்ன பிடுங்கியிருப்பேன் என்று யோசித்தேன். நான் உன் இடத்தில் ஒரு வாரம்கூட இருந்ததில்லை, அதனால் யோசனை ஓடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்து பேச ஆரம்பித்ததும் முதலில் குழாயைப் பற்றிக் கேட்காதே. எதையும் கேட்காதே. தையலைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு. அவள் முடிக்கட்டும்.

பென் டிரைவ் வந்ததா?

தம்பி


20 ஏப்ரல்

தம்பிக்கு,

பென் டிரைவ் பதிமூன்றாம் தேதியே வந்துவிட்டது. உன் சின்னக் கடிதம் நேற்றுத்தான். அது வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் நீ சொன்னபடியே சும்மா இருந்தேன், சொல்லாமலே. அப்படி ஒரு அசதி.

பூட்டைத் தவிர ஐந்து படியும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பொட்டலத்தின் பெயரில் வால் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். இருந்தது. கடைசி வரியைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. செல்லாது என்றும் வரவில்லை, சரி என்றும் வரவில்லை, வெறும் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. போச்சு, இதுவும் போச்சு என்று தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் லினக்ஸுக்கு நல்லது நடந்தால் வாய் திறக்கத் தெரியாது என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பின்னால் 'டிக்' என்று சத்தம். பந்தின் சத்தம் எனக்குத் தெரியாதா! திரும்பவில்லை. திரும்பினால் முந்திக்கொண்டு எதையாவது கேட்டுவிடுவேன் என்று எனக்கே பயம். ஒரு பாவாடை முழுக்க ஓரம் அடித்தேன். முதலில் மெய்யெழுத்து வரிசை ஓடும், அதில் ஒரு டிக், பிறகு உயிரெழுத்து, அதில் ஒரு டிக். டிக், டிக் என்று ஒரு மணி நேரம். அப்புறம் அந்தக் குரல், நீ வைத்துவிட்டுப் போன ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக் குரல், சொன்னது:

"உன் மூஞ்சி எனக்கு அலுத்துப்போச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் முடிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாயைத்தான். இன்னொரு அரை மணி நேரம்.

"என் மூஞ்சி உனக்கும் அலுத்திருக்கும். ரெண்டு பேருக்கும் லீவு வேணும்னுதான் அவன்கிட்ட போறேன்னேன். அதுக்குள்ள லைன அறுத்துட்ட."

ஜனவரியில் அவள் தொடங்கிய பேச்சு, தம்பி. ஏப்ரலில் வந்து முடிந்தது. நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். மனசு இளகி இல்லை. அசதிதான் என்று நினைக்கிறேன். அப்புறம் டிக், டிக். "பாவாடை ஓரம் கோணல்." பார்த்தேன், கோணல்தான். பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

குழாயைப் பற்றி மறுநாள் நானே கேட்டேன். கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன், அவசரப்படுத்தக் கூடாது என்று. பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தபிறகு கூப்பிட்டது குரல். "வெச்சுடு. ருசி போனா போகட்டும். இன்னும் பேச வேண்டியது நெறைய இருக்கு." டாக்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பதாம் தேதி காலையில் வைக்கிறார்கள். ஏழு தடவை எதுக்கும்மா என்றும் கேட்டேன். "ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல. பந்து இல்லாம பேச மாட்டேன்னு அர்த்தம்" என்றாள். நான் எழுத்துச் சொன்னால் பாதியிலேயே வார்த்தையை நானே முடித்துவிடுவேனாம். "முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க பேச்சுல நான் குறுக்க போனேனா?"

உன் காரணத்தைச் சொன்னேன். நாலாவது மாடி, மேல் தட்டு, சிவப்பு விளக்கு எல்லாம். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். இந்த வீட்டில் யாரும் யாரையும் பாதியில் நிறுத்துவதாக இல்லை. அம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தாள்: "வர வேண்டாம். வேலையப் பாக்கட்டும். அவனுக்கு லைன் கொடு."

முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் அவளிடம் கேட்டது. அவள் என்னிடம் கேட்கிறாள்.

"நான் அவன் குரல கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்மா. ரிசீவரை உன் காதுல வெச்சுட்டு வெளிய போய் நிக்கறேன்" என்றேன். டிக், டிக், டிக். "ஸ்பீக்கர்ல போடு."

அதனால் எழுதுகிறேன். அடுத்த வாரம் ஞாயிறு, இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணிக்குப் போன் செய். தலையணையை எடுத்துவிட்டேன். கூட இருக்கிற இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நாலு வார்த்தை கூடப் பேசு. அவள் பதில் சொல்ல நேரம் ஆகும். டிக் சத்தம் மட்டும்தான் கேட்கும், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே.

பூட்டு போட்டுவிட்டேன். பென் டிரைவ் இரண்டும் பொத்தான் டப்பாவில் இருக்கின்றன. மேலே ஒரு தாள் ஒட்டி எண்ணை எழுதியிருக்கிறேன், வால் வரைக்கும்.

இந்த வீட்டில் உன் குரலைக் கேட்க மாட்டேன் என்ற என் சொல் ஞாயிறு காலை ஒன்பது ஐம்பத்தொன்பது வரைக்கும் நிற்கும்.

அக்கா